பெட்டியில் இல்லாத பணம்

ஒரு கம்பெனிக்கு லாபம் வருகிறது. அந்த லாபம் யாருக்கு?

"முதல் போட்டவர்களுக்கு" என்று எல்லாரும் சொல்வார்கள். அது சரிதான். ஆனால், வந்த லாபம் முழுவதையும் முதல் போட்டவர்களுக்குப் பங்கு பிரித்துக் கொடுத்துவிடும் கம்பெனி அபூர்வம். ஒரு பகுதியைக் கொடுப்பார்கள். மறு பகுதியைக் கம்பெனியிலேயே நிறுத்திக் கொள்வார்கள்.

இப்படி நிறுத்திக் கொண்ட லாபத்துக்குப் "பகிராத லாபம்" என்று பெயர்.

அமெரிக்காவில் இந்தப் பகிராத லாபத்தை அரசாங்கமே கணக்கு எடுக்கிறது. எந்தத் தொழிலில் எவ்வளவு என்று தனித்தனியாகப் பிரித்து, அந்த நாட்டின் வர்த்தக இலாகா வெளியிடுகிறது. அந்தப் பட்டியலில், "நீடித்து உழைக்கும் சாமான்களின் மொத்த வியாபாரம்" என்று தனியாக ஒரு வரி உண்டு.

அது என்ன, நீடித்து உழைக்கும் சாமான்?

ரொட்டி மறுநாளே தீர்ந்து போகும். சோப்பு ஒரு மாதத்தில் கரைந்து போகும். இவை நீடிக்காத சாமான்கள். மின்சார மோட்டார், கம்பி, குளிர்பதனப் பெட்டி, கார் உதிரி பாகம், மரம், குழாய், மேஜை நாற்காலி, இயந்திரம்: இவை ஆண்டுக்கணக்கில் உழைக்கும். மூன்று ஆண்டாவது உழைக்கும் சாமானை "நீடித்து உழைக்கும் சாமான்" என்று அமெரிக்க அரசாங்கம் கணக்கு வைத்திருக்கிறது.

இந்தச் சாமான்களைத் தொழிற்சாலையில் மொத்தமாக வாங்கி, கடைக்காரருக்கும் காண்டிராக்டருக்கும் விற்பவர் மொத்த வியாபாரி. அவர் எதையும் செய்வதில்லை. வாங்குகிறார். கிட்டங்கியில் அடுக்குகிறார். கேட்டவருக்கு அனுப்புகிறார். அவ்வளவுதான்.

"வாங்கி விற்பவருக்கு எதற்காக லாபத்தை நிறுத்தி வைக்க வேண்டும்? அவரிடம் தொழிற்சாலையா இருக்கிறது, புது இயந்திரம் வாங்க?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். இதற்குப் பதில் சொல்ல ஒரு கம்பெனியின் கதை இருக்கிறது. அதன் பெயர் கிரேபார்.

400 டாலர் கடன்

1869-ம் ஆண்டு. அமெரிக்காவில் ஒகையோ மாநிலத்தில் உள்ள கிளீவ்லாந்து நகரம். அங்கே தந்திக் கருவிகளைச் செய்யவும் பழுது பார்க்கவும் ஒரு சிறிய பட்டறை இருந்தது. ஈனஸ் பார்ட்டன் என்ற தந்தி ஊழியர் அந்தப் பட்டறையில் பங்கு வாங்க விரும்பினார். கையில் பணம் இல்லை. அவருடைய தாயார், குடும்பப் பண்ணையை அடமானம் வைத்து 400 டாலர் கொடுத்தார்.

அவருடன் கூட்டுச் சேர்ந்தவர் எலிஷா கிரே. இவர் ஒரு விஞ்ஞானி. டெலிபோன் யார் கண்டுபிடித்தார் என்று கேட்டால் உடனே கிரகாம் பெல் என்று சொல்கிறோம் அல்லவா? 1876-ம் ஆண்டு பிப்ரவரி 14-ந் தேதி, பெல்லின் மனு அமெரிக்கக் காப்புரிமை அலுவலகத்துக்குப் போன அதே நாளில், கிரேயின் மனுவும் போயிற்று. உரிமை பெல்லுக்குக் கிடைத்தது. கிரேக்குக் கிடைக்கவில்லை. யார் முந்தியது என்ற சண்டை இன்றுகூட புத்தகங்களில் ஓயவில்லை.

பட்டறை வளர்ந்தது. சிகாகோவுக்குப் போயிற்று. 1872-ல் "வெஸ்டர்ன் எலெக்ட்ரிக்" என்ற பெரிய கம்பெனி ஆயிற்று. பிறகு, வேடிக்கையைப் பாருங்கள். எந்தப் பெல்லோடு கிரே போட்டி போட்டாரோ, அந்தப் பெல்லின் கம்பெனியே 1881-ல் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக்கைத் தன் கைக்குள் கொண்டு வந்துவிட்டது!

வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் டெலிபோன் செய்தது. அத்துடன், ஊரில் உள்ளவர்களுக்கு மின்சாரக் கம்பி, விளக்கு, விசிறி எல்லாம் விற்கும் ஒரு பகுதியும் அதில் இருந்தது. "நமக்கு டெலிபோன் வேலையே போதும்" என்று நினைத்த நிர்வாகம், 1925-ல் அந்த விற்பனைப் பகுதியைத் தனிக் கம்பெனி ஆக்கிற்று. பழைய கூட்டாளிகளான கிரே, பார்ட்டன் இரண்டு பேர் பெயரையும் சேர்த்துக் "கிரேபார்" என்று பெயர் வைத்தார்கள்.

நியூயார்க்கில், கிராண்டு சென்டிரல் ரெயில் நிலையத்தை ஒட்டி, கிரேபார் கட்டிடம் என்று ஒன்று இருக்கிறது. 1927-ல் கட்டி முடித்தார்கள். அதன் வாசலில், மேற்கூரையைத் தாங்கும் கம்பிகளில் உலோக எலிகள் ஏறிக் கொண்டிருக்கும்! துறைமுகத்தில் கப்பல் கயிற்றைப் பிடித்து எலி ஏறுவது போன்ற அலங்காரம். கிரேபாரின் தலைமை அலுவலகம் பல ஆண்டு அங்கேதான் இருந்தது. 1982-ல் செயிண்ட் லூயிஸ் பக்கம் போயிற்று.

ஊழியர்கள் வாங்கினார்கள்

1929-ல் ஒரு பெரிய காரியம் நடந்தது. கிரேபாரின் ஊழியர்களே, தாங்கள் வேலை பார்க்கும் கம்பெனியை விலைக்கு வாங்கினார்கள்!

விலை 90 லட்சம் டாலர். அவ்வளவு பணத்துக்கு எங்கே போவது? 30 லட்சம் ரொக்கம். மீதி 60 லட்சத்துக்கு, வெஸ்டர்ன் எலெக்ட்ரிக்கிடம் முன்னுரிமைப் பங்குகளைக் கொடுத்தார்கள்.

முன்னுரிமைப் பங்கு என்றால், லாபம் வந்தால் அந்தப் பங்குக்கு முதலில் ஈவு கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகு மீதி இருந்தால்தான் மற்றப் பங்குக்காரர்களுக்கு. அந்தப் பங்குகளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பணம் கொடுத்துத் திரும்ப வாங்கிவிட்டால், கம்பெனி முழுக்க ஊழியர்களுடையது ஆகிவிடும்.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் காலம் சரி இல்லை.

அதே 1929-ம் ஆண்டு அக்டோபர் மாதம், நியூயார்க் பங்கு மார்க்கெட் சரிந்து விழுந்தது. அதைத் தொடர்ந்து வந்ததுதான் உலகையே ஆட்டிய பெரிய மந்தம். 1933-ல் அமெரிக்காவில் வேலைக்குப் போகக் கூடியவர்களில் நாலு பேருக்கு ஒருவருக்கு வேலை இல்லை. வீடு கட்டுவது நின்றது. வீடு கட்டாவிட்டால் கம்பி யார் வாங்குவார்? விளக்கு யார் வாங்குவார்?

ரொட்டி விற்பவருக்கு இந்தக் கவலை குறைவு. மந்தம் வந்தாலும் மனிதன் சாப்பிட்டுத்தானே ஆக வேண்டும்? நீடித்து உழைக்கும் சாமான் அப்படி அல்ல. "பழைய குளிர்பதனப் பெட்டி இன்னும் இரண்டு வருஷம் ஓடட்டும்" என்று ஜனங்கள் தள்ளிப் போடலாம். எல்லாரும் தள்ளிப் போட்டால், மொத்த வியாபாரியின் கிட்டங்கியில் சரக்கு அப்படியே உட்கார்ந்திருக்கும்.

இந்தக் கஷ்ட காலத்தைத் தாண்டி, 1941-க்குள் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக்கிடம் இருந்த கடைசிப் பங்கையும் கிரேபார் வாங்கிவிட்டது. வந்த லாபத்தை எல்லாம் அந்த அந்த ஆண்டே பிரித்துக் கொண்டு போயிருந்தால் இது நடந்திருக்குமா?

பணம் எங்கே?

பகிராத லாபம் என்றதும், கம்பெனியில் ஒரு இரும்புப் பெட்டி இருப்பதாகவும், அதில் நோட்டுக் கட்டுகள் அடுக்கி இருப்பதாகவும் நினைக்கத் தோன்றும். "பெட்டியில் இத்தனை கோடி வைத்துக் கொண்டு, எங்களுக்குக் கொடுக்க மாட்டேன் என்கிறார்களே!" என்று கோபம்கூட வரும்.

பெட்டியைத் திறந்து பார்த்தால் அங்கே அந்தப் பணம் இருக்காது!

பின் எங்கே? கிட்டங்கிக்குப் போய்ப் பார்க்க வேண்டும். அங்கே கம்பிச் சுருளாக இருக்கும். மோட்டாராக இருக்கும். இன்னும் ஒரு பகுதி, கடன் பேரேட்டில் இருக்கும். சரக்கை எடுத்துப் போன காண்டிராக்டர், "அடுத்த மாதம் தருகிறேன்" என்று சொன்ன பணம் அது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். குளிர்பதனப் பெட்டி விற்கும் மொத்த வியாபாரி ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக் கொள்வோம்.

சரக்கு வந்து சேர்ந்தது முதல் விற்றுப் போகும் வரை, கிட்டங்கியில் 60 நாள் இருக்கிறது. வாங்கிய கடைக்காரர் பணம் கொடுக்க 45 நாள் ஆகிறது. ஆக, 105 நாள். தொழிற்சாலைக்காரரோ இவருக்கு 30 நாள்தான் தவணை கொடுக்கிறார். 105-ல் 30 போனால் 75. அந்த 75 நாளும் இவர் பணம்தான் வெளியே நிற்க வேண்டும்.

இவருக்குச் சரக்கு வாங்கவும் மற்றச் செலவுக்கும் ஆண்டுக்கு 73 லட்சம் டாலர் ஆகிறது என்றால், ஒரு நாளைக்கு 20 ஆயிரம் டாலர். 75 நாளுக்கு 15 லட்சம் டாலர்! இந்த 15 லட்சம் எப்போதும் வெளியே சுற்றிக் கொண்டே இருக்கும். இன்று ஒரு கடைக்காரர் பணம் கொடுத்தால், நாளைக்கே அது புதுச் சரக்காக மாறிவிடும். வியாபாரத்தை மூடும் நாள் வரை அது முழுதாகக் கைக்கு வராது.

வியாபாரம் இரட்டிப்பு ஆனால்? 15 லட்சம் 30 லட்சம் ஆக வேண்டும். அந்த இன்னொரு 15 லட்சம் எங்கிருந்து வரும்? பாங்கியில் கடன் வாங்கலாம். புதிதாகப் பங்கு விற்கலாம். அல்லது, லாபத்தைப் பிரிக்காமல் நிறுத்தலாம். பெரும்பாலான வியாபாரிகள் மூன்றாவது வழியைத்தான் முதலில் பார்க்கிறார்கள். அதற்கு வட்டி இல்லை. யாரிடமும் போய் நிற்க வேண்டியது இல்லை.

வீட்டிலும் இதே கதைதான். அறுவடை ஆனதும் விதை நெல்லை எடுத்து வைத்துவிட்டுத்தான் மற்றதை அளப்பார்கள். விதை நெல்லைப் பார்த்து, "வீட்டில் மூட்டை மூட்டையாக நெல் இருக்கிறது" என்று யாரும் சொல்வது இல்லை.

காகித லாபம்

விலைவாசி ஏறும் காலத்தில் இன்னொரு சங்கடம் உண்டு. இது வியாபாரிகளையே ஏமாற்றிவிடும்.

ஒரு மோட்டாரை 100 டாலருக்கு வாங்கி, 130-க்கு விற்றார் ஒருவர். லாபம் 30. சந்தோஷம்! ஆனால் அதற்குள் தொழிற்சாலை விலை 120 ஆகிவிட்டது. அலமாரியில் காலியான இடத்தில் மறுபடியும் ஒரு மோட்டார் வைக்க, 100 போதாது. லாபத்தில் இருந்து 20 எடுத்துப் போட வேண்டும். உண்மையில் கையில் நிற்பது 10 தான்.

கணக்குப் புத்தகமோ 30 என்று சொல்லும். 30-ஐயும் பங்குக்காரர்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டால், நேற்று 100 மோட்டார் இருந்த கிட்டங்கியில் நாளைக்கு 83 மோட்டார்தான் இருக்கும். அடுத்த ஆண்டு இன்னும் குறையும்.

இதற்காகவே அமெரிக்காவில் ஒரு கணக்கு முறை உண்டு. கடைசியாக வாங்கிய சரக்கை முதலில் விற்றதாக எழுதிக் கொள்ளலாம். அப்போது லாபம் குறைவாகத் தெரியும். வரியும் குறையும். 1939-ம் ஆண்டுச் சட்டம் இதை எல்லா வியாபாரிகளுக்கும் அனுமதித்தது.

2021-லும் 2022-லும் இந்த விலை ஏற்றத்தை மறுபடி பார்க்க நேர்ந்தது. கொரோனா நோய் வந்து, சரக்குப் போக்குவரத்து உலகம் எங்கும் தடுமாறிய காலம் அது. 2021 மே மாதம் தாமிரத்தின் விலை டன்னுக்கு 10 ஆயிரம் டாலரைத் தாண்டிற்று. தாமிரம் ஏறினால் மின்சாரக் கம்பி ஏறும். சரக்கு கிடைக்குமோ கிடைக்காதோ என்று மொத்த வியாபாரிகள் கிட்டங்கியை நிரப்பினார்கள். அந்த விலையில் கிட்டங்கியை நிரப்ப எவ்வளவு பணம் வேண்டும் என்பதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 2022-ல் கிரேபாரின் விற்பனை ஆயிரம் கோடி டாலரைத் தாண்டிற்று.

ரூஸ்வெல்ட் போட்ட வரி

இது வரை சொன்னது வியாபாரியின் பக்கம். மறுபக்கம் ஒன்று இருக்கிறது.

1936-ல் அமெரிக்க ஜனாதிபதியாக இருந்தவர் ரூஸ்வெல்ட். மந்தம் இன்னும் தீரவில்லை. அப்போது அவருடைய அரசாங்கத்தார் இப்படி நினைத்தார்கள்:

"பெரிய கம்பெனிகள் லாபத்தைப் பூட்டி வைக்கின்றன. பங்குக்காரர்களுக்குக் கொடுத்தால் அவர்கள் வருமான வரி கட்ட வேண்டும். கொடுக்காவிட்டால் வரி இல்லை. பணக்காரப் பங்குக்காரர்கள் வரிக்குப் பயந்து, கம்பெனியிலேயே லாபத்தை ஒளித்து வைக்கிறார்கள். ஜனங்கள் கையில் பணம் புழங்காமல் இருக்க இதுவும் ஒரு காரணம்."

இதில் உண்மை இல்லை என்று சொல்ல முடியாது.

அதனால் ஒரு புது வரி வந்தது. லாபத்தைப் பிரிக்காமல் வைத்திருந்தால், வைத்திருக்கும் லாபத்துக்கு வரி! குறைந்த பட்சம் 100-க்கு 7. நிறுத்தி வைக்கும் பங்கு கூடக்கூட வரியும் கூடும். அதிக பட்சம் 100-க்கு 27.

கூக்குரல் எழுந்தது. பெரிய கம்பெனிகள் கத்தியதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் சிறிய கம்பெனிகளுக்குத்தான் அடி பலமாக விழுந்தது. பெரிய கம்பெனி, நியூயார்க் மார்க்கெட்டில் பங்கு விற்றுப் பணம் திரட்டிக் கொள்ளும். சின்ன ஊரில் இரும்புச் சாமான் விற்கும் மொத்த வியாபாரியின் பங்கை அங்கே யார் வாங்குவார்? அவருக்கு வளர இருந்த ஒரே வழி, சொந்த லாபம். அதன் மேலேயே வரி விழுந்தது.

1937-ல் வியாபாரம் மறுபடியும் படுத்தது. "இந்த வரிதான் காரணம்" என்று எதிரிகள் சொன்னார்கள். வேறு காரணங்களும் இருந்தன. எல்லாவற்றையும் ஒரு வரியின் தலையில் கட்டுவது நியாயம் அல்ல. ஆனாலும் பார்லிமெண்டில், அதாவது அமெரிக்கக் காங்கிரசில், வரிக்கு ஆதரவு கரைந்தது. 1938-ல் அந்த வரியைப் பேருக்கு மட்டும் வைத்துக் கொண்டு, மற்றதை வெட்டிவிட்டார்கள். அந்த மசோதாவுக்கு ரூஸ்வெல்ட் கையெழுத்துப் போடவில்லை. கையெழுத்து இல்லாமலேயே அது சட்டம் ஆயிற்று. 1939-ல் வரி அடியோடு போயிற்று.

எத்தனை நாள் பணம்?

பூட்டி வைப்பவர்களை அரசாங்கம் அத்துடன் விட்டுவிட்டதா? இல்லை. அங்கே இன்னொரு வரிச் சட்டம் இன்றும் இருக்கிறது. தொழிலுக்கு நியாயமாகத் தேவைப்படும் அளவுக்கு லாபத்தை வைத்துக் கொள்ளலாம். அதற்கு மேல், பங்குக்காரர்களின் வரியைத் தப்பிப்பதற்காக வைத்துக் கொண்டால் தண்ட வரி. 2013-ல் இருந்து இது 100-க்கு 20.

"நியாயமான தேவை" என்றால் எவ்வளவு? அரசாங்கம் ஒன்று சொல்லும். வியாபாரி ஒன்று சொல்வார். வழக்கு வரும்.

1965-ல் அப்படி ஒரு வழக்கு, வரிக் கோர்ட்டுக்கு வந்தது. வழக்கில் இருந்தது பார்டால் என்ற கம்பெனி. என்ஜின் எண்ணெயில் கலக்கும் சரக்கு செய்வது அதன் தொழில். அந்த வழக்கில், கோர்ட் நாள் கணக்குப் போட்டுப் பார்த்தது. சரக்கு எத்தனை நாள் கிட்டங்கியில் இருக்கிறது? கடன் எத்தனை நாளில் வசூல் ஆகிறது? அத்தனை நாளுக்கு வேண்டிய பணம் தேவையான பணம். பிற்பாடு வந்த வழக்குகளில், சரக்குக் கொடுத்தவர் தரும் தவணை நாளையும் அதில் இருந்து கழித்துக் கொள்ளும் வழக்கம் வந்தது.

மேலே குளிர்பதனப் பெட்டி வியாபாரிக்குப் போட்ட கணக்கு இருக்கிறதே, அதே மாதிரி கணக்குத்தான்! அன்று முதல் அந்தக் கணக்குக்குப் "பார்டால் சூத்திரம்" என்றே பெயர்.

கடனில் ஓடிய கம்பெனி

சொந்தப் பணத்தில் நடப்பதற்கும் கடன் பணத்தில் நடப்பதற்கும் என்ன வித்தியாசம் என்பது மந்தத்தில்தான் தெரியும்.

ஹோம் டிப்போ என்ற பெரிய அமெரிக்கக் கடைக் கம்பெனிக்கு, எச்.டி. சப்ளை என்று ஒரு மொத்த வியாபாரக் கம்பெனி இருந்தது. கட்டிடச் சாமான், குழாய், மின்சாரச் சாமான் எல்லாம் அது விற்றது. 2007-ல் மூன்று முதலீட்டுக் கம்பெனிகள் சேர்ந்து அதை 850 கோடி டாலருக்கு வாங்கின. விலையில் பெரும் பகுதி கடன். அந்தக் கடன், வாங்கப்பட்ட கம்பெனியின் தலையிலேயே ஏறிற்று.

வாங்கிய நேரம் பொல்லாத நேரம். அமெரிக்காவில் வீடு கட்டும் தொழில் அப்போதுதான் சரியத் தொடங்கி இருந்தது. வியாபாரம் குறைந்தால் சரக்குக் கொள்முதலைக் குறைக்கலாம். ஆளைக் குறைக்கலாம். வட்டியைக் குறைக்க முடியுமா? கம்பெனி ஆண்டுக்கு ஆண்டு நஷ்டக் கணக்கு எழுதிற்று. 2013-ல் பொது ஜனங்களுக்குப் பங்கு விற்று, அந்தப் பணத்தைக் கடனுக்குக் கட்டினார்கள். கடைசியில், 2020-ல், ஹோம் டிப்போவே சுமார் 800 கோடி டாலருக்கு அதைத் திரும்ப வாங்கிக் கொண்டது. அதற்குள் சில பகுதிகள் பிரிந்து போய்விட்டன.

கம்பெனி மூழ்கவில்லை. ஆனால் அந்த ஆண்டுகளில் அங்கே வேலை பார்த்தவர்கள் பாடு லேசாக இருந்திருக்காது.

20 டாலர் பங்கு

மறுபடியும் கிரேபாருக்கு வருவோம்.

அங்கே பகிராத லாபத்தை யார் நிறுத்தி வைக்கிறார்கள்? முதலாளி ஒருவர் இல்லை. பங்குக்காரர்கள் எல்லாரும் ஊழியர்கள், அல்லது வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். லாரியில் சரக்கு ஏற்றுபவர் பங்குக்காரராக இருக்கலாம். கணக்கு எழுதுபவர் பங்குக்காரராக இருக்கலாம். கம்பெனி பணத்தை நிறுத்தினால், அது அவர்கள் பணம்தான்.

அந்தப் பங்கின் விதி விசித்திரமானது. பங்கின் விலை 20 டாலர். ஊழியர்கள் சம்பளத்தில் மாதா மாதம் பிடித்துக் கொள்ளச் சொல்லி வாங்கலாம். வெளியாருக்கு விற்க முடியாது. விற்க நினைத்தால், முதலில் கம்பெனிக்குத்தான் கொடுக்க வேண்டும். கம்பெனி கொடுக்கும் விலையும் அதே 20 டாலர்!

கம்பெனி பத்து மடங்கு வளர்ந்தாலும் 20 டாலர். நூறு மடங்கு வளர்ந்தாலும் 20 டாலர்.

"இது என்ன நியாயம்?" என்று கேட்கத் தோன்றும். ஊழியர்கள் ஈவை விட்டுக் கொடுத்து, லாபத்தைக் கம்பெனியில் விட்டு வைத்தார்கள். அதனால் கம்பெனியின் சொத்து வளர்ந்தது. கணக்குப் புத்தகப்படி பார்த்தால், ஒரு பங்குக்கு உள்ள சொத்து 20 டாலருக்கு மேல். ஆனால் வேலையை விட்டுப் போகிறவர் கையில் வாங்குவது 20 தான்.

இதற்குப் பதிலாகக் கம்பெனி இரண்டு விதமாகக் கொடுக்கிறது. ஒன்று, ரொக்க ஈவு. பல ஆண்டுகளாக ஒரு பங்குக்கு ஆண்டுக்கு 2 டாலர் கொடுத்து வந்திருக்கிறது. 20 டாலருக்கு 2 டாலர் என்றால் 100-க்கு 10. எந்தப் பாங்கியும் இந்த வட்டி தராது.

இரண்டாவது, பங்காகவே ஈவு. இதில் ரொக்கம் வெளியே போகாது. 100 பங்கு வைத்திருப்பவருக்கு, 100-க்கு 10 வீதம் புதுப் பங்கு கொடுத்தால், அவரிடம் 110 பங்கு ஆகும். நேற்று அவர் பங்கு 2,000 டாலர். இன்று 2,200. பகிராத லாபத்தில் ஒரு துண்டு, அவர் பேருக்கு எழுதப்பட்டுவிட்டது. ஆனால் பணம் கிட்டங்கியிலேயே, கம்பிச் சுருளாகவே இருக்கிறது! ஓய்வு பெற்றவருக்கும், வேலையில் இருப்பவருக்கும், கம்பெனிக்கும் ஒரே நேரத்தில் கையைக் கடிக்காத வழி இது. எந்த ஆண்டு எவ்வளவு கொடுப்பது என்பது டைரக்டர்கள் இஷ்டம்.

இந்த 20 டாலர் விதியால் ஒரு நன்மையும் உண்டு. இன்று வேலைக்குச் சேரும் இளைஞரும் அதே 20 டாலருக்குப் பங்கு வாங்கலாம். கம்பெனி வளர வளரப் பங்கின் விலையும் ஏறிக் கொண்டே போயிருந்தால், புதிதாக வருபவர் எட்டிக்கூடப் பார்க்க முடியாது. ஓய்வு பெறுகிறவர்களின் பங்கைத் திரும்ப வாங்கவே கம்பெனி கடன் வாங்க வேண்டி இருக்கும். ஊழியர்களுக்குச் சொந்தமான கம்பெனிகளில் சில, இந்தச் சுமை தாங்காமல் வெளியாருக்கு விலை போயிருக்கின்றன.

கிரேபாரையும் ஒட்டு மொத்தமாக வெளியாருக்கு விற்றால், இன்று பங்கு வைத்திருப்பவர்களுக்கு 20 டாலருக்கு மேல் கிடைக்கும். கை நிறையக் கிடைக்கும். அந்த ஆசையை 1929-ல் இருந்து அடக்கி வைத்துக் கொண்டுதான் கம்பெனி நடக்கிறது. அந்த முடிவைச் சில பேர் மட்டும் அவசரத்தில் எடுத்துவிடாமல் இருக்க, பெரும்பாலான பங்குகளின் ஓட்டு உரிமையை ஒரு தர்மகர்த்தாக் குழுவிடம் ஒப்படைத்து வைத்திருக்கிறார்கள்.

ஓய்வு பெற்றவர்கள் தங்கள் பங்கை உயிரோடு இருக்கும் வரை வைத்துக் கொண்டு ஈவு வாங்கலாம். அவர்கள் இறந்து போனால், அந்தப் பங்கைக் கம்பெனி திரும்ப எடுத்துக் கொள்ளும். வாரிசுகளுக்குப் பங்கு போகாது. பங்கு ஒன்றுக்கு 20 டாலர் வீதம் பணம் போகும்.